ஒப்பீட்டு மூளை

நாள் 1041 — 09:10

காந்தம் சரி. ஹீலியம் 91 சதவீதம். அறை வெப்பம் 21. மாதாந்திர அளவுத் திருத்தம் முடிந்தது. ஒப்பீட்டு அளவு: 100.

இந்தக் குறிப்பேட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும் என்பது விதி. ஒன்று கணினியில், நிறுவனத்துக்கு. இன்னொன்று காகிதத்தில், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கண்டெடுப்பவர் படிக்க. முதல் பிரதியை யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் இரண்டாவதில் கொஞ்சம் தாராளமாக எழுதுகிறேன்.

நான் கோமதிநாயகம். வயது ஐம்பத்து நான்கு, ஊர் பாளையங்கோட்டை, தொழில் நரம்பியல். நிலவின் தென்முனையில் ஒரு பள்ளம், அதன் அடியில் வெயிலே படாத பனிக்கட்டி, அதை வெட்டி எடுக்க அறுபத்தொரு பேர். அவர்களுடைய முகாமிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி நான் ஒருவன், ஓர் எம்ஆர்ஐ கருவியோடு. முகாமின் இயந்திரங்கள் என் காந்தத்தைக் கெடுத்துவிடும் என்பதால் இந்தத் தனிக்குடித்தனம். என்னிடம் வண்டி கிடையாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை முகாமின் வண்டி நாலைந்து பேரைக் கொண்டுவந்து இறக்கும். வானொலித் தொடர்பு நாளைக்கு நாலு தடவை, தடவைக்கு இருபது நிமிடம், செயற்கைக்கோள் தலைக்கு மேலே போகும்போது மட்டும். பூமியோடு பேசுவதென்றாலும் முகாம் வழியாகத்தான்.

நான் தேடுவது பார்க்கின்சன் நோயின் ஆரம்பம். கை நடுங்குவதுதான் ஆரம்பம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. நடுமூளையில் கறுப்பாக ஒரு பட்டை இருக்கிறது. நினைத்தபடி கைகால் அசைவதற்கான டோபமின் என்ற ரசாயனத்தைத் தருவது அதுதான். நடுக்கம் வெளியே தெரிவதற்குள் அந்தப் பட்டையின் செல்களில் பாதி செத்திருக்கும். பள்ளத்துத் தூசி மூக்கு வழியாக ஏறி அதை அரிக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. படம் எடுத்து, ஒப்பீட்டு மூளையோடு வைத்துப் பார்த்து, ஓர் எண் தருவேன். 80க்குக் கீழே போனால் அந்த ஆள் வேலைக்குத் தகுதியில்லை. மூன்று வருடத்தில் ஒருவரும் போகவில்லை. தூசி நிரபராதி என்று கட்டுரை எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

நாள் 1042 — 18:30

இன்று படம் எடுத்தது நான்கு பேருக்கு. எல்லோரும் தகுதி. ஜெசிந்தா 94.

ஜெசிந்தா வின்ச் ஓட்டுபவர், கம்பிவடத்தைச் சுற்றி ஏற்றி இறக்கும் இயந்திரம். நாற்பத்து மூன்று வயது, தூத்துக்குடித் துறைமுகத்தில் பதினாறு வருடம் கிரேன் ஓட்டியவர். பள்ளத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு அவர் கையில் இருக்கிறது. முந்நூற்றெண்பது மீட்டர் ஆழம். கடைசி முப்பது மீட்டரில் தூசி உணரிகளை மூடிவிடுவதால், அங்கே பிரேக்கைக் கையால்தான் இழுக்க வேண்டும். வின்ச் வேலை இல்லாத நேரங்களில் முகாமின் வானொலி மேசையும் அவர்தான். மாலைத் தொடர்பில் பேசினார்.

"சார், ஜெசிந்தா பேசுதேன். நம்பர் பாத்தேன், தொண்ணூத்தி நாலு. சந்தோசம். ஆனா எனக்கு வாசமே தெரிய மாட்டேங்கு சார். கருவாட்டுப் பொட்டலத்தப் பிரிச்சி மூக்குக்கிட்ட வச்சிப் பாத்தேன், வெறும் காயிதம் மாரி இருக்கு. கையெழுத்தும் வரவர எறும்பு மாரி சின்னதாப் போவுது. வலது கை கொஞ்சம் மந்தமா இருக்காப்ல தோணுது."

இங்கே எடை குறைவு, உடம்பின் நீரெல்லாம் தலைக்கு ஏறும், மூக்கு அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்றேன். எனக்கும் இரண்டு வருடமாக ஒரு வாசனையும் தெரியவில்லை, நான் என்ன அழுதுகொண்டா இருக்கிறேன் என்று கேட்டுச் சிரித்தேன். அவர் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. இணையத்தில் எதையாவது படித்துவிட்டு வந்து நம் உயிரை வாங்குகிறார்கள்.

நாள் 1056 — 10:40

மூன்று வருடத்தில் முதல்முறையாக முகாமுக்குப் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், இரண்டே பேர். பூமியிலிருந்து இறங்கி ஆறு நாள்தான் ஆகிறது. முதலில் மீரான், காயல்பட்டினத்து வெல்டர், வயது முப்பத்தொன்று. படம் எடுத்தேன்.

148.

சிரிப்பு வந்துவிட்டது. மனிதனுக்கு ஒன்றரை மூளை இருக்கிறது என்று அவரிடமே சொன்னேன். அவரும் சிரித்தார். தலை அசைந்திருக்கும் என்று மறுபடி படுக்கச் சொன்னேன். மறுபடியும் 148.

நாள் 1056 — 14:15

இரண்டாவது ஆள் சமையற்காரர், ஐம்பது வயது. 146.

இந்த முறை சிரிக்கவில்லை. வண்டி அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மென்பொருள் கோளாறு என்று எழுதிவைத்தேன். கோளாறு எங்கே என்று நாளை பார்க்க வேண்டும்.

நாள் 1057 — 08:40

பார்த்துவிட்டேன்.

புரியும்படி எழுத வேண்டும், கண்டெடுப்பவர் மருத்துவராக இல்லாமல் போகலாம். கருவி சரியாக அளக்கிறதா என்று மாதாமாதம் சோதிக்க ஓர் உருண்டை உண்டு; மூளைக்குச் சமமான திரவம் நிரப்பிய பிளாஸ்டிக் உருண்டை. என்னுடையது வரும் வழியிலேயே விரிசல் விட்டு ஒழுகிவிட்டது. புதியது வர எட்டு மாதம் ஆகும் என்றார்கள். முகாம் மேலாளர் பரந்தாமன் அவசரப்படுத்தினார். நானும்தான் அவசரப்பட்டேன், அவர்மேல் மட்டும் ஏன் போட வேண்டும். உருண்டைக்குப் பதிலாக என் தலையை வைத்தேன்.

எங்கள் துறையில் இது சகஜம். ஆய்வுக்கு நல்ல உடம்புள்ள ஆள் குறைந்தால் ஆராய்ச்சி மாணவன் போய்ப் படுப்பான், டெக்னீஷியன் படுப்பார், பேராசிரியரே படுப்பார். 'ஆரோக்கியமான தன்னார்வலர்' என்று காகிதத்தில் எழுதிக்கொள்வோம். யாரும் கேள்வி கேட்டதில்லை. எட்டு மாதம் கழித்து உருண்டையைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நன்றாகத்தானே ஓடுகிறது என்று இருந்துவிட்டேன்.

மாதாமாதம் நான் உள்ளே படுப்பேன். என் எண் 100 வரும் வரை கருவி தன் அளவைத் தானே திருத்திக்கொள்ளும். எத்தனை மடங்காகத் திருத்தியது என்பதை ஒரு பத்தியில் எழுதிவைக்கும். அந்தப் பத்தியை மூன்று வருடமாக நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய ஒரே ஆள் நான்.

முதல் மாதம் 1.00. ஒரு வருடத்தில் 1.12. இரண்டு வருடத்தில் 1.29. இப்போது 1.48.

காந்தம் பலவீனமாகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். காந்தம் பலவீனம் என்றால் அந்தத் திருத்தமே அதைச் சரிக்கட்டியிருக்கும், மீரானும் நூறுக்குப் பக்கத்தில்தான் வந்திருக்க வேண்டும். கருவிக்கு ஒன்றும் இல்லை. குறைந்துகொண்டே போனது என் தலைக்குள் இருக்கும் பட்டை. நான் குறையக் குறைய அந்த இயந்திரம் விசுவாசமாக எனக்கு நூறு போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. என்னோடு சேர்ந்து குறைந்த எல்லோருக்கும் போட்டிருக்கிறது.

நாள் 1057 — 16:00

முதல் ஒரு வருடம், கருவியை இங்கே மாற்றும் வரை, நானும் முகாமில்தான் இருந்தேன். அதே தூசியைத்தான் மூச்சில் இழுத்தேன்.

வாசனை போய் இரண்டு வருடம். தூக்கத்தில் கை வீசி விளக்கை உடைத்தேன். கெட்ட கனவு என்று இதே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்ட முடியாமல் ஒட்டுப்பட்டைக்கு மாறினேன். வசதி என்று எழுதியிருக்கிறேன். இந்த நோயை முப்பது வருடம் படித்தவன் நான். நோயாளி அறைக்குள் நடந்து வரும்போதே ஒரு கை வீசவில்லை என்பதைக் கண்டுபிடித்து மாணவர்களிடம் பெருமையடித்துக்கொண்டவன். இங்கே நான் நடப்பதைப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வெட்கமாக இருக்கிறது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருக்கிறது.

நாள் 1058 — 12:20

மீரானின் மூளையை 100 என்று வைத்து எல்லாப் படங்களையும் மறுபடி கணக்கிட்டேன். நாலு மணி நேரம்.

என் எண் 68. ஜெசிந்தா 64. அறுபத்தொரு பேரில் 80க்கு மேல் ஒருவரும் இல்லை. அதிகபட்சம் 73. குறைந்தது மாசிலாமணி, 57. அவர் இரண்டாவது வின்ச் ஓட்டுநர். ஜெசிந்தா ஓய்வில் இருக்கும்போது கூண்டு அவர் கையில்.

தூசி நிரபராதி என்ற கட்டுரையை அழித்தேன்.

இந்த நோய் முதலில் வேகத்தைத் திருடுகிறது, பிறகு அளவைத் திருடுகிறது. பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டதாக மூளை நம்பும். கை பாதி தூரம்தான் போயிருக்கும். ஓட்டுபவர் பொய் சொல்வதில்லை, அவருக்கே தெரியாது. கூண்டுக்குள் ஐந்து பேர் நிற்பார்கள்.

முழு அறிக்கையையும் பரந்தாமனுக்கு அனுப்பினேன். என் நோய், என் தவறு, எல்லோருடைய எண்கள், இரண்டு வின்ச்சையும் உடனே நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கை. எதையும் பூசி மெழுகவில்லை.

நாள் 1059 — 10:25

பரந்தாமன் பதில்:

"டாக்டர், உங்க ரிப்போர்ட்ட முழுசாப் படிச்சேன். ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கே மூளையில பாதிப்பு இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த நிலைமையில நீங்க குடுக்குற ரிப்போர்ட்ட நான் எப்படி மேல அனுப்புறது? முதல் கேள்வியே அதத்தான் கேப்பாங்க. பழைய சர்டிபிகேட் எல்லாம் நீங்க நல்லா இருந்தப்ப குடுத்தது, அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல. நீங்க ரெஸ்ட் எடுங்க. ஆளுங்ககிட்ட எதுவும் பேசி பயமுறுத்தாதீங்க, ப்ளீஸ்."

நான் நன்றாக இருந்த தேதி எது என்று கேட்டேன். பூமிக்கு நேரடி இணைப்பு கேட்டேன். வேலைநேரம் முடியட்டும் என்றார். நேற்றுக் கேட்டபோதும் இதையே சொன்னார்.

வியாதிக்காரன் என்பதால் உண்மையைச் சொல்லத் தகுதியில்லை. அதே வியாதிக்காரன் போட்ட பொய்ச் சான்றிதழ் மட்டும் செல்லும். வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. எழுதாமல் விடுகிறேன்.

நாள் 1060 — 16:30

வானொலி மேசையில் ஜெசிந்தா. பரந்தாமன் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சொன்னேன். உங்கள் எண் 94 இல்லை, 64. வாசனை போனது அதனால்தான். கையும் அதனால்தான். பிரேக் லிவரைத் தொடாதீர்கள்.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு பேசினார்.

"மூணு தடவ கேட்டேன்லா சார். மூணு தடவையும் சிரிச்சிய. நீங்க பெரிய டாக்டரு, நான்தான் பைத்தியாரி மாரி பயப்படுதேன்னு நெனச்சேன். பதினாறு வருசம் கப்பல்ல சரக்கு எறக்குன கை சார் இது. ஏதோ சரியில்லன்னு அந்தக் கைக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க பேச்சக் கேட்டு அதத்தான் நான் நம்பாம இருந்திருக்கேன்."

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் எடுத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. நாளையிலிருந்து ஓட்டமாட்டேன் என்றார். மற்றவர்களுக்கு எப்படி என்று கேட்டார். ஒருவருடைய முடிவை இன்னொருவரிடம் சொல்வது மருத்துவ தர்மம் இல்லை, அவரவரிடம் நானே பேசுகிறேன், ஒவ்வொருவராக மேசைக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். அதற்குள் தொடர்பு முடிந்தது.

நாள் 1061 — 10:20

யாரும் வரவில்லை. வானொலி மேசைக்குப் பரந்தாமனின் அலுவலக ஆள் ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். என் அழைப்புகளை எழுதிக்கொள்கிறார். யாரிடமும் கொடுப்பதாகத் தெரியவில்லை.

இன்னும் பத்து நாளில் மாதாந்திரத் திருத்தம். நான் படுத்தால் கருவி மறுபடியும் நூறு போடும். அடுத்த மாதச் சான்றிதழ்கள் தானாகவே அச்சாகும். மீரானை ஒப்பீடாக வைக்க அனுமதி கேட்டேன். ஒப்பந்தத்தில் பதிவான ஒப்பீட்டு மூளை என்னுடையதுதானாம். மாற்ற ஒன்பது மாதம் ஆகுமாம். அது வரை மாதாமாதம் நான் தலையைக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். எனக்குப் பாதியாகப் போனாலும் நூறு. கால்வாசியானாலும் நூறு.

நாள் 1062 — 09:35

காந்தத்தை அணைத்துவிட்டேன்.

சுவரில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. காந்தம் இழுத்த இரும்பில் சிக்கி யாராவது நசுங்கினால் மட்டும் அழுத்த வேண்டியது. அழுத்தினால் காந்தத்தைக் குளிர வைத்திருக்கும் ஹீலியம் முழுக்கக் கொதித்துக் குழாய் வழியாக வெளியே போய்விடும். மறுபடி நிரப்ப இங்கே ஹீலியம் கிடையாது. அழுத்தினேன். விரல் உடனே போகவில்லை, போகச் சொல்லி இரண்டு தடவை மனதுக்குள் சொல்ல வேண்டியிருந்தது. அரை நிமிடம் அறை அலறியது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒரு கொத்து எழுந்து மறைந்தது. அதோடு மூன்று வருட ஆராய்ச்சி முடிந்தது.

கருவி இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் வின்ச் ஓடக்கூடாது. இது அவர்கள் போட்ட விதி. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

நாள் 1063 — 10:30

பரந்தாமன்:

"டாக்டர், காந்தம் போயிடுச்சுன்னு இங்க அலாரம் வந்தது. நீங்க பத்திரமா இருக்கீங்கள்ல? பரவாயில்ல, டென்ஷன் ஆகாதீங்க. கருவி பழுதானா கடைசியா குடுத்த சர்டிபிகேட் நூத்தியெண்பது நாள் செல்லும்னு விதி இருக்கு, பதினாலாவது விதி. அது போதும் நமக்கு. உங்கள கூட்டிட்டு வர வெள்ளிக்கிழம வண்டி அனுப்புறேன்."

பதினாலாவது விதியைத் தேடி எடுத்தேன். அதை எழுதியவன் நான். முதல் வருடம், கருவி அடிக்கடி மக்கர் செய்தபோது, ஆட்கள் வேலையில்லாமல் உட்கார வேண்டாமே என்று நல்ல மனதோடு நானே எழுதிச் சேர்த்தது. கீழே என் கையெழுத்து இருக்கிறது. நல்ல பெரிய, அழகான கையெழுத்து.

நாள் 1064 — 10:41

ஜெசிந்தா பேசினார். அலுவலக ஆள் சாப்பிடப் போன நேரம் பார்த்து மேசைக்கு வந்திருக்கிறார். தொடர்பு முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், வெரசலாச் சொல்லுதேன். லிவரத் தொடமாட்டேன்னுட்டேன். சர்டிபிகேட் இருக்கப்ப வேல செய்யாட்டா எப்பிடின்னு சத்தம் போட்டாவ. பதிலுக்கு என்னயக் கீழ வெட்டுக்கு எறங்கச் சொல்லிட்டாவ. இன்னும் அர மணி நேரத்துல கூண்டு. மாசிலாமணி அண்ணாச்சிதான் மேல நிக்காவ. அவுக கை நல்லாத்தான இருக்கு சார்? நீங்கதான பாத்திய. ஒரு வார்த்த சொல்லுங்க, நான் ஏறமாட்டேன்."

ஐம்பத்தேழு. அந்த ஓர் எண்ணைச் சொன்னால் போதும்.

பிறர் முடிவைச் சொல்லக்கூடாது என்ற முப்பது வருடப் பழக்கம் நாக்கைப் பிடித்தது. 'அது வந்து' என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. பேச்சைத் தொடங்கத் தாமதமாவது இந்த நோயின் லட்சணம். கோழைத்தனத்தின் லட்சணமும் அதுதான். எது என்னைப் பிடித்தது என்று பிரித்துக் காட்டும் கருவி எதுவும் இல்லை. ஏழெட்டு வினாடி இருக்கும். தொடர்பு அறுந்தது.

நாள் 1064 — 10:50

அடுத்த தொடர்பு 15:40க்கு. கூண்டு 11:10க்கு இறங்கும்.

கவச உடையைப் போட முயன்றேன். நாற்பது கிலோமீட்டர். முட்டாள்தனம். கொக்கி மாட்டவே வரவில்லை.

இந்நேரம் ஏறியிருப்பார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நல்லது என்றுதானே அர்த்தம். 'அது வந்து' என்றால் அவர் என்ன என்று எடுத்துக்கொண்டிருப்பார். தெரியவில்லை

நாள் 1064 — 11:10

மெதுவாக இழு மாசிலாமணி. முழுக்க இழு. இழுத்துவிட்டதாகத் தோன்றிய பிறகும் இழு

நாள் 1064 — 15:41

அழைத்தேன். பதில் இல்லை. மூன்று தடவை அழைத்தேன்.

நாள் 1064 — 15:52

பரந்தாமன் குரல். அழுதிருக்கிறார்.

"டாக்டர்… கூண்டு நிக்கல. அடியில போய் மோதிடுச்சு. அஞ்சு பேரும்… மாசிலாமணி முழுசா பிரேக் பிடிச்சேன் பிடிச்சேன்னு அதையே சொல்லிட்டிருக்காரு. இங்க சட்டப்படி டாக்டர்னு நீங்க ஒருத்தர்தான். இறப்புச் சான்றிதழ் அஞ்சு அனுப்புங்க. காரணம்னு இருக்குற எடத்துல கேபிள் பழுதுன்னு போட்டுடுங்க டாக்டர். அவங்க வீட்டுக்கும் அதுதான் நல்லது."

நாள் 1064 — 16:10

முதல் படிவம் ஜெசிந்தாவுடையது. பெயர், வயது, ஊர் எழுதினேன். எழுத்து சின்னதாகப் போகிறது, கண்டெடுப்பவர் பொறுத்துக்கொள்ளவும்.

இறப்பின் காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். இன்னும் நாலு படிவம் இருக்கிறது